சிப்பியோ வீட்டுக் கதை: வாசகர் கேள்வி பதில்

வட ஆப்பிரிக்காவில் இருந்த கார்த்தேஜ் நகரின் தளபதி ஹன்னிபால் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அவரை இறுதியில் வென்றவர் சிப்பியோ என்னும் ரோமானியர் என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதியாக இருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தக் குடும்பத்துக்கே பக்கங்களைக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு நூலில் சிப்பியோ ஹன்னிபாலை வென்றார் என்றும், இன்னொன்றில் சிப்பியோ கார்த்தேஜை எரித்தார் என்றும், வேறொன்றில் சிப்பியோ ஜூலியஸ் சீசரிடம் தோற்றார் என்றும் படித்தேன். இவர் ஒருவரா, பலரா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்

பதில்: மூவரும் வெவ்வேறு மனிதர்கள், ஐயா. ஹன்னிபாலை வென்றது கி.மு. 202இல், கார்த்தேஜ் எரிந்தது கி.மு. 146இல், சீசரிடம் தோற்றது கி.மு. 46இல். குழப்பத்துக்குக் காரணம் ரோமானியர் பெயரிட்ட முறை. ஆண்களுக்கு இடுவதற்கு அவர்களிடம் இருந்த பெயர்கள் மிகச் சில. அவற்றிலும் கொர்னேலியஸ் குலத்தின் கிளையான சிப்பியோ குடும்பத்தார் புப்லியஸ், லூசியஸ், நேயஸ் என்னும் மூன்றையே திரும்பத் திரும்பச் சூட்டினார்கள். நம்மவர்களிடம் தந்தையின் பெயர் அடையாள அட்டையில் ஒரு தலைமுறை இருந்துவிட்டுப் பேரன் காலத்தில் மறைந்துவிடுகிறது. அவர்களிடமோ தனி மனிதரின் பெயர் ஒதுங்கிப் போக, குலப் பெயரும் கிளைப் பெயரும் நூற்றாண்டுக் கணக்கில் நின்றன. நினைவில் நிற்க வேண்டியது ஆள் அன்று, வீடு என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உட்கருத்து.

அந்த வீட்டைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழையவை ஏட்டில் இல்லை, கல்லில் இருக்கின்றன. ரோமிலிருந்து தெற்கே செல்லும் அப்பியா நெடுஞ்சாலையின் ஓரத்தில், பாறையைக் குடைந்து செய்த அவர்களுடைய குடும்பக் கல்லறை 1780இல் ஒரு திராட்சைத் தோட்டத்தின் அடியில் திறக்கப்பட்டது. கி.மு. 298இல் கான்சலாக இருந்த சிப்பியோ பார்பாட்டஸின் கல்பேழை அங்கே கிடைத்தது. கான்சல் என்பது ஆண்டுக்கு இருவர் வீதம் மக்கள் தேர்ந்தெடுத்த, ஆட்சியும் படையும் சேர்ந்த தலைமைப் பதவி. வீரமும் அறிவும் வாய்ந்தவர், குணத்துக்கு ஏற்ற வடிவும் உடையவர், சாம்னியத்தில் ஊர்களைப் பிடித்தவர், லுக்கானியா முழுவதையும் அடக்கியவர் என்று அவரைப் புகழும் செய்யுள் பேழையின் முகப்பில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் வரலாற்றாசிரியர் லிவி, அதே ஆண்டில் அவர் அந்தத் தென்பகுதிகளில் அன்று, வடக்கே எட்ருரியாவில் போரிட்டுக் கொண்டிருந்ததாக எழுதுகிறார். தங்கள் முன்னோரின் புகழை ஊதிப் பெருக்கிய குடும்பங்களால் வரலாறே கெட்டுப் போயிற்று என்று லிவியும் சிசரோவும் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டவர்கள். நம்முடைய மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இராது.

அதே கல்லறையில் 20 வயதில் இறந்த ஒரு லூசியஸுக்கும் கல்வெட்டு உண்டு. பதவி எதையும் வகிக்க அவருக்கு வயது போதவில்லை. குறைந்தது ஆயுளே தவிரத் தகுதி அன்று, ஏன் பதவி இல்லை என்று கேட்காதீர்கள் என்று அந்தக் கல் வழிப்போக்கரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்த வீட்டில் பிறந்த ஒருவர் பட்டியலில் எழுத ஒன்றும் இல்லாமல் இறந்தால், அதற்கும் ஒரு விளக்கம் தேவைப்பட்டது. பார்பாட்டஸின் வெற்றி வரிகளைவிட இந்த வரிதான் அக்குடும்பத்தை எனக்கு நன்றாகக் காட்டுகிறது.

கேள்வி: ரோமானியப் பெருங்குடும்பத்தார் இறந்தவர்களின் முகத்தை மெழுகில் செய்து வைத்தார்கள் என்பது உண்மையா?
— கல்லூரி மாணவி, ஜார்ஜ் டவுன்

பதில்: உண்மை. உயர்பதவி வகித்தவர்களின் மெழுகு முகங்கள் வீட்டு முன்கூடத்தில் மரப்பேழைகளில் வைக்கப்பட்டிருந்தன. குடும்பத்தில் ஒருவர் இறந்தால், உருவத்திலும் நடையிலும் அந்த முன்னோரை ஒத்த ஆட்கள் அம்முகங்களை அணிந்து, அவரவர் வகித்த பதவிக்கு உரிய உடையோடு ஊர்வலத்தில் செல்வார்கள். நகரத்தின் மையத்தில், தந்தத்தால் ஆன இருக்கைகளில் முன்னோர் வரிசையாக அமர்ந்திருக்க, இறந்தவரின் மகன் நின்று, முதலில் அவருடைய செயல்களையும் பிறகு அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரின் செயல்களையும் சொல்வான். இதை நேரில் கண்டு எழுதியவர் பொலிபியஸ் என்னும் கிரேக்கர். பிணைக்கைதியாக ரோமுக்கு வந்து சிப்பியோ வீட்டோடு நெருங்கிப் பழகியவர். புகழை விரும்பும் இளைஞனுக்கு இதைவிடத் தூண்டுதல் வேறில்லை என்று அவர் சொல்கிறார். ஹன்னிபாலை வென்ற சிப்பியோவின் முகம் மட்டும் வீட்டில் இல்லாமல், கேப்பிட்டல் குன்றின் மேல் இருந்த ஜூப்பிட்டர் கோயிலில் வைக்கப்பட்டிருந்ததாகவும், குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் அங்கிருந்தே எடுத்து வரப்பட்டதாகவும் ஒரு குறிப்பு உண்டு.

கேள்வி: கி.மு. 210இல் ஸ்பெயின் படைத் தலைமை 24 வயது இளைஞரான சிப்பியோவுக்கு எப்படிக் கிடைத்தது? ஜாமா போரில் ஹன்னிபாலின் யானைகளை அவர் எப்படிச் சமாளித்தார்?
— ஐந்தாம் படிவ மாணவர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: யானையை முதலில் முடித்துவிடுவோம். கி.மு. 202இல் நடந்த ஜாமா போரில் ஹன்னிபாலிடம் 80க்கும் மேற்பட்ட யானைகள் இருந்தன. வழக்கமாக முன்வரிசையின் இடைவெளிக்கு நேராகப் பின்வரிசைப் பிரிவு நிற்கும்படி அமைக்கும் ரோமானிய அணியைச் சிப்பியோ மாற்றி, பிரிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக நேர்க்கோட்டில் நிறுத்தினார். படைக்குள் முன்னிருந்து பின்வரை தெருக்கள் போன்ற சந்துகள் உண்டாயின. எக்காளச் சத்தத்தில் மிரண்ட சில யானைகள் தங்கள் பக்கத்துக் குதிரைகளின் மேலேயே திரும்பிப் பாய்ந்தன; மற்றவற்றில் பல அந்தச் சந்துகளின் வழியே பின்னால் போய்விட்டன. ஆனாலும் போரை முடித்தது யானை அன்று. நுமிடிய மன்னர் மசினிசாவும் சிப்பியோவின் நண்பர் லேலியஸும் நடத்திய குதிரைப்படை, எதிரியின் குதிரைகளைத் துரத்திவிட்டுத் திரும்பி வந்து ஹன்னிபாலின் காலாட்படையைப் பின்னாலிருந்து தாக்கியபோதுதான் வெற்றி உறுதியாயிற்று.

தலைமை கிடைத்த கதை குடும்பக் கதை. அவருடைய தந்தையும் தந்தையின் உடன்பிறந்தவரான நேயஸும் கி.மு. 211இல் ஸ்பெயினில் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த இடத்துக்குப் போக மூத்தவர் எவரும் முன்வராதபோது இவர் எழுந்து நின்றார் என்றும், மக்கள் ஒருமனதாக வாக்களித்தார்கள் என்றும் லிவி எழுதுகிறார். அதற்கு முன் அவர் கான்சலாகவும் இருந்ததில்லை, அதற்கு அடுத்த படியான பிரீட்டராகவும் இருந்ததில்லை. தந்தையின் பெயரையே அவர் மூலதனமாக வைத்தார். மக்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அந்த மூலதனத்தை அவர் வீணாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் கார்த்தேஜியரின் தலைநகரான புதிய கார்த்தேஜ் மூன்று பக்கம் நீர் சூழ்ந்த ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். குளிர்காலம் முழுவதும் அந்தக் கரையில் தொழில் செய்த மீனவர்களிடம் விசாரித்து, காயல் ஆழமற்றது என்பதையும், மாலையில் நீர் வற்றும் என்பதையும் அவர் தெரிந்து வைத்திருந்தார். கி.மு. 209இல் ஊரைத் தாக்கியபோது, கடல் தெய்வமான நெப்டியூன் கனவில் வந்து உதவுவதாக வாக்களித்தார் என்று வீரர்களிடம் அறிவித்தார். பெரும்படை நிலப்பக்கத்து மதிலில் மோதிக்கொண்டிருக்க, நீர் வற்றத் தொடங்கிய வேளையில் ஏணிகளோடு 500 பேரைக் காயலில் இறக்கினார். அந்தப் பக்கத்து மதிலில் காவல் இல்லை, ஏறினார்கள். தெய்வமே வழிவிட்டது என்று வீரர்கள் நம்பினார்கள். மீனவர் சொன்னதைப் பொலிபியஸ் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் நாமும் அப்படியே நம்பியிருப்போம்.

கேள்வி: இராசேந்திர சோழனுக்குக் கடாரம் கொண்டான் என்ற பட்டம் இருப்பதுபோல், சிப்பியோவுக்கு ஆப்பிரிக்கானஸ் என்ற பட்டம் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?
— வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: கடாரம் என்று கருதப்படும் கெடாவுக்கு எதிர்க்கரையில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், பொருத்தமான இடந்தான். வென்ற நிலத்தின் பெயரைத் தலையில் சூடிக்கொள்வது இரண்டுக்கும் பொது. வேறுபாடு சூடியவரின் நிலையில் இருக்கிறது. இராசேந்திரன் அரசன், 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பின் வெற்றி அவனுடைய மெய்க்கீர்த்தியிலேயே ஏறிற்று, அதைக் கேள்வி கேட்க அங்கே ஆள் இல்லை. சிப்பியோவோ ஓராண்டுப் பதவி முடிந்ததும் மற்றவர்களோடு சமமாக உட்கார வேண்டிய குடிமகன். வென்ற நாட்டின் பெயரால் அழைக்கப்பட்ட முதல் தளபதி அவரே என்று சொல்லும் லிவி, அந்தப் பெயரைத் தொடங்கி வைத்தது வீரர்களின் அன்பா, மக்களின் ஆரவாரமா, வீட்டாரின் முகத்துதியா என்று தெரியவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். தம்பி லூசியஸ் கி.மு. 190இல் சிரியாவின் மன்னர் அந்தியோக்கஸின் மேல் படையெடுத்து ஆசியாட்டிக்கஸ் ஆனார். ஒரு வீட்டில் ஆப்பிரிக்காவும் ஆசியாவும் குடியேறிவிட்டால், மன்னரே இல்லாத நாட்டில் அண்டை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதை அடுத்த கேள்வியில் காணலாம்.

கேள்வி: கணக்குக் கேட்டதற்காகச் சிப்பியோ கணக்கேட்டையே கிழித்தெறிந்தாராமே? அவர் குற்றவாளியா?
— கணக்காய்வுத் தொழிலில் இருப்பவர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: கி.மு. 187ஆம் ஆண்டை ஒட்டி இது நடந்தது. போருக்குப் பின் அந்தியோக்கஸ் கொடுத்த முதல் தவணைப் பணம் எங்கே போயிற்று என்று ரோமின் மூத்தோர் அவையான செனட்டில் ஒருவர் கேட்டார். கணக்கு இருக்கிறது, ஆனால் அதை எவருக்கும் காட்ட வேண்டிய கடமை எனக்கு இல்லை என்றார் ஆப்பிரிக்கானஸ். கேட்டவர் விடவில்லை. தம்பியை அனுப்பி ஏட்டை வரவழைத்து, எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டி, சுக்கல் சுக்கலாகக் கிழித்தார். துண்டுகளிலிருந்து கணக்கைப் பொறுக்கிக்கொள்ளும்படி கேட்டவரிடம் சொல்லிவிட்டு, மற்றவர்களைப் பார்த்து, 3,000 தாலந்து எப்படிச் செலவாயிற்று என்று கேட்கும் நீங்கள், அந்தியோக்கஸிடமிருந்து 15,000 தாலந்து எப்படி வருகிறது என்றோ, ஆசியாவும் ஆப்பிரிக்காவும் ஸ்பெயினும் உங்கள் கைக்கு எப்படி வந்தன என்றோ கேட்கவில்லையே என்றார். பொலிபியஸ் இதைப் பெருமையோடு சொல்கிறார். ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோ வெள்ளி என்பதை நினைவில் வைத்தால், கேட்டது சில்லறைக் கணக்கு அன்று என்பது விளங்கும்.

அவர் பணத்தை எடுத்தார் என்பதற்குச் சான்று இல்லை. ஆயினும் நீங்கள் கேட்டதால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: கேட்டவர் பக்கமே நியாயம் இருந்தது. ஆலயத்துக்காக எவ்வளவோ செய்த என்னிடமா கணக்குக் கேட்கிறீர்கள் என்று ஆண்டுக் கூட்டத்தில் சீறும் தலைவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதத்தின் ஓட்டை உடனே தெரியும். செய்த நன்மை ஒரு கணக்கு, வாங்கிய பணம் இன்னொரு கணக்கு.

வழக்குத் தொடர்ந்தது. இவர்களுடைய நெடுநாள் எதிரியான கேட்டோ பின்னாலிருந்து தூண்டினார்; சிப்பியோவின் கீழ் ஒரு காலத்தில் படையின் பொருளாளராக இருந்தவர் அவர். விசாரணை நாள் ஜாமா வெற்றியின் ஆண்டு நிறைவாக அமைந்தபோது, தெய்வங்களுக்கு நன்றி சொல்லக் கேப்பிட்டல் குன்றுக்குப் போகிறேன் என்று ஆப்பிரிக்கானஸ் புறப்பட, கூட்டம் முழுவதும் அவர் பின்னால் போய்விட்டது என்கிறார் லிவி. தம்பி லூசியஸ் சிறைக்குப் போக இருந்த நிலையில், அரசியலில் இவர்களோடு ஒத்துப்போகாதவரும் மக்களின் சார்பில் தடை விதிக்கும் உரிமை பெற்ற டிரிபியூன் பதவியில் இருந்தவருமான டிபீரியஸ் கிராக்கஸ் குறுக்கிட்டுத் தடுத்தார். ஆப்பிரிக்கானஸ் கம்பானியாக் கரையில் லிட்டெர்னம் என்னும் ஊருக்கு ஒதுங்கி, ஏறத்தாழ கி.மு. 183இல் இறந்தார். இரண்டு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின் அந்த வீட்டில் தங்கிய தத்துவாசிரியர் செனெக்கா, சன்னலுக்குப் பதில் சுவரில் கீற்று மட்டும் விட்ட, இருண்டு குறுகிய குளியலறையைக் கண்டு, கார்த்தேஜை நடுங்க வைத்தவர் வயல் வேலையின் களைப்பை இங்கேதான் கழுவினார் என்று எழுதினார். நாள்தோறும் கை கால் மட்டும், முழுக் குளியல் சந்தை நாளில்தான் என்பதும் அவர் தரும் செய்தி.

கேள்வி: கிராக்கஸ் சகோதரர்களின் தாய் கொர்னேலியா சிப்பியோவின் மகள் என்கிறார்கள். கார்த்தேஜை அழித்த இளைய சிப்பியோ அவருக்கு என்ன உறவு?
— இல்லத்தரசி, செந்தூல்

பதில்: உறவு முறை கேட்டீர்கள், அம்மா, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆப்பிரிக்கானஸின் மூத்த மகன் புப்லியஸ் உடல்நலம் குன்றியவர், பிள்ளை இல்லாதவர். அவர் தம் தாய்மாமன் எமிலியஸ் பாவுலஸின் மகனைத் தத்தெடுத்தார். அந்தப் பிள்ளைதான் நீங்கள் கேட்ட இளைய சிப்பியோவான சிப்பியோ எமிலியானஸ். ஆகவே ஆப்பிரிக்கானஸின் மனைவி எமிலியா அவருக்குத் தத்து வழியில் பாட்டி, இரத்த வழியில் அத்தை. பெயர் நிலைப்பதற்காக ரோமானியப் பெருவீடுகள் இப்படிப் பிள்ளைகளைக் கொடுத்து வாங்கின. கொடுத்த வீட்டின் கதை கொடியது. பாவுலஸ் மூத்த இருவரை இரண்டு குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, இளைய இருவரைத் தமக்கென வைத்திருந்தார். மாசிடோனியாவை வென்று அவர் வெற்றி ஊர்வலம் வந்த கி.மு. 167இல், ஊர்வலத்துக்கு ஐந்து நாள் முன்னர் ஒரு மகனும், மூன்று நாள் பின்னர் மற்றொரு மகனும் இறந்தார்கள்.

ஆப்பிரிக்கானஸுக்கு மகள்கள் இருவர்; இருவர் பெயரும் கொர்னேலியாதான். மூத்தவளை, ஆப்பிரிக்கானஸுக்குச் சிற்றப்பன்-பெரியப்பன் மக்கள் வரிசையில் சகோதரரான நாசிக்காவின் மகனுக்குக் கொடுத்தார்கள். பங்காளி வீட்டுப் பிள்ளை. நம் முறைப்படி அது அண்ணன் தங்கை, ஆகவே ஆகாது, ரோமில் தடையில்லை. இளையவள் முன்னே சொன்ன டிபீரியஸ் கிராக்கஸை மணந்தாள். பிறந்த 12 பிள்ளைகளில் மூவரே பிழைத்தார்கள்: டிபீரியஸ், காயஸ் என்னும் இரு மகன்கள், செம்ப்ரோனியா என்னும் மகள். அந்தச் செம்ப்ரோனியாவைத்தான் எமிலியானஸ் மணந்தார். தத்துத் தந்தையின் தங்கை மகள் என்பதால், நம் கணக்கில் முறைப்பெண்ணே.

சீதனத்திலும் ஒரு செய்தி உண்டு. இரு கொர்னேலியாக்களுக்கும் தலா 50 தாலந்து பேசப்பட்டு, பாதியை எமிலியா கொடுத்திருந்தார். அவர் இறந்தபின் மீதி எமிலியானஸின் பொறுப்பாயிற்று. சட்டப்படி மூன்று ஆண்டுத் தவணையில் கொடுக்கலாம். பத்து மாதம் கழித்து இரு மருமகன்களும் பணவணிகரிடம் போனபோது, அவர் ஒவ்வொருவருக்கும் 25 தாலந்தை முழுமையாக எழுதிக் கொடுத்தார். தவறு நேர்ந்துவிட்டது என்று எண்ணி இருவரும் எமிலியானஸிடம் போய், இவ்வளவு பணத்தை இன்னும் பல மாதம் வைத்து ஆளலாமே என்றார்கள். தெரியும், அந்நியரிடம்தான் சட்டத்தின் எழுத்தைப் பார்ப்பேன், உறவினரிடம் பார்ப்பதில்லை என்றார் அவர். தங்கள் கஞ்சத்தனத்தை எண்ணி வாயடைத்துத் திரும்பினார்கள் என்று பொலிபியஸ் எழுதுகிறார்.

இவ்வளவு நெருங்கிய உறவு கி.மு. 133இல் கிழிந்தது. கொர்னேலியாவின் மகன் டிபீரியஸ் டிரிபியூனாகி, பொதுநிலத்தில் அளவுக்கு மீறி வைத்திருந்தவர்களிடமிருந்து எடுத்து ஏழைகளுக்குப் பங்கிடச் சட்டம் கொண்டுவந்தார். மறுதேர்தல் நாளில், தலைமைக் குருவாக இருந்த நாசிக்கா செராப்பியோ ஆடையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு செனட்டர்களோடு குன்றின் மேல் ஏறினார். உடைந்த பெஞ்சுக் கால்களாலும் தடிகளாலும் டிபீரியஸும் 300க்கும் மேற்பட்டவர்களும் அடித்துக் கொல்லப்பட்டு, உடல்கள் டைபர் ஆற்றில் எறியப்பட்டன. செராப்பியோ மூத்த கொர்னேலியாவின் மகன். அதாவது கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பெரியம்மா மகன், சின்னம்மா மகன். இருவரும் ஆப்பிரிக்கானஸின் மகள்வழிப் பேரர்கள். ஸ்பெயினில் நுமான்ஷியாவை முற்றுகையிட்டிருந்த எமிலியானஸ், மைத்துனனின் சாவைக் கேட்டு, இப்படிச் செய்பவன் எவனும் இப்படியே அழியட்டும் என்னும் பொருளுள்ள ஹோமரின் அடியைச் சொன்னார். கி.மு. 129இல் அவரும் ஒரு காலையில் படுக்கையில் இறந்து கிடந்தார். மனைவியின் மேலும் மாமியாரின் மேலும்கூட ஐயம் எழுந்தது, எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை.

கேள்வி: கார்த்தேஜை எரித்தபின் அந்த மண்ணில் உப்பைத் தூவினார்களா?
— வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: பண்டைய ஆசிரியர் எவரும் அப்படி எழுதவில்லை; அது பிற்காலத்தார் சேர்த்த கதை. நகரம் எரிவதைப் பார்த்து எமிலியானஸ் கண்ணீர் விட்டார் என்பதும், ஒருநாள் ரோமுக்கும் இதே கதி வருமோ என்று அருகில் நின்ற பொலிபியஸிடம் சொன்னார் என்பதும் பதிவாகியிருக்கின்றன.

கேள்வி: சீசரிடம் தோற்ற சிப்பியோ யார்? குடும்பம் அவரோடு முடிந்ததா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்

பதில்: உங்கள் முதற்கடிதத்தின் மூன்றாமவர், ஐயா. நாசிக்கா கிளையில் பிறந்து, மெட்டெல்லஸ் குடும்பத்துக்குத் தத்துப் போன மெட்டெல்லஸ் சிப்பியோ, சீசரின் எதிரியான பாம்ப்பேயின் மாமனார். உள்நாட்டுப் போரில் ஆப்பிரிக்காவில் சீசரை எதிர்த்தார். ஆப்பிரிக்க மண்ணில் சிப்பியோவுக்குத் தோல்வி இல்லை என்னும் நம்பிக்கை அப்போது பரவியிருந்ததால், சீசர் தம் படையிலிருந்த, எவரும் பொருட்படுத்தாத வேறொரு சிப்பியோவைத் தேடிப்பிடித்துப் போர்களில் முன்னணியில் நிறுத்தினாராம். கேலிக்கா, உண்மையாகவேயா என்று இதை எழுதிய புளூட்டார்க்குக்கும் தெரியவில்லை. கி.மு. 46இல் தாப்சஸில் தோற்ற மெட்டெல்லஸ் சிப்பியோ கப்பலில் தப்பியபோது வளைக்கப்பட்டு, வாளைத் தம்மேல் பாய்ச்சிக்கொண்டார். தளபதி எங்கே என்று தேடிய பகைவரிடம், தளபதி நலமாக இருக்கிறார் என்று சொன்னதாகக் கூறுவர். குடும்பப் பெயர் பேரரசுக் காலத்திலும் சிலரிடம் இருந்தது. படை நடத்தும் வாய்ப்புத்தான் பேரரசரின் கைக்குப் போய்விட்டது.

கேள்வி: விடுமுறையில் ரோமுக்குப் போகிறோம். இவர்களுடைய நினைவாக எதைப் பார்க்கலாம்?
— குடும்பத்தோடு பயணம் செய்யும் வாசகி, கோலாலம்பூர்

பதில்: செபாஸ்டியன் வாயிலுக்கு உட்புறம் செல்லும் சாலையில் கல்லறை இருக்கிறது, திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். உள்ளே இருப்பவை பெரும்பாலும் நகல்கள். பார்பாட்டஸின் மூலப் பேழை வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்கானஸின் மகள், கிராக்கஸ் சகோதரர்களின் தாய் என்று பொறித்த கொர்னேலியா சிலையின் பீடம் கேப்பிட்டல் அருங்காட்சியகத்தில் உண்டு, சிலை இல்லை. ஆப்பிரிக்கானஸின் பேழையைக் கல்லறையில் தேட வேண்டாம். அவர் லிட்டெர்னத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பது பழைய ஆசிரியர் சிலரின் கூற்று. ரோமில் அவர் பெயரிட்ட பேழை எதுவும் கிடைக்கவில்லை.